லத்தீனா, பண்டைய வரலாறா, செவ்வியல் நாகரிகமா? ஒன்பதாம் ஆண்டுப் படிவத்தை நிரப்பும் முன்

இங்கிலாந்தில் ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் பிள்ளை, குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வரும். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தப் பாடங்களைப் படிப்பது என்று அதில் குறிக்க வேண்டும். ஆங்கிலம், கணிதம், அறிவியல் கட்டாயம். மீதி மூன்று நான்கு கட்டங்களைத்தான் நாம் நிரப்ப வேண்டியிருக்கும். சில பள்ளிகளின் படிவத்தில் லத்தீன், பண்டைய வரலாறு, பழைய கிரேக்க, ரோமானிய உலகைப் பற்றிய செவ்வியல் நாகரிகம் என்ற பெயர்களும் இருக்கும். நம் வீடுகளில் பேனா அந்த வரிகளில் நிற்காமலே தாண்டிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பதின்பருவப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் வரும் நாட்களில் வகுப்பு முடிந்ததும் நாலைந்து பெற்றோர் நின்று பேசுவார்கள். "டீச்சர், இவள் கிரேக்கமும் ரோமும் படிக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அதைப் படித்து என்ன செய்வது?" என்பது வழக்கமான கேள்வி. எந்தப் பாடம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். ஆனால் உண்மையில் யோசிக்க வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான். ஏனென்றால் இவை மூன்றும் ஒரே பழைய உலகத்தைச் சுற்றிப் பேசினாலும் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட படிப்புகள். என் பிள்ளைகள் இருவரும் இந்தப் பக்கம் போனவர்கள். மகள் லத்தீனில் தொடங்கி நடுவில் நிறுத்த நேர்ந்தது. மகன் செவ்வியல் நாகரிகம் படித்துத் தேர்வு எழுதினான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நிலையான லத்தீன் ஆசிரியர் இருந்து, பிள்ளை ஏழாம் எட்டாம் ஆண்டுகளில் லத்தீனைத் தொட்டுப் பார்த்து, அதில் ருசி கண்டிருந்தால் லத்தீன் எடுக்கட்டும். எதையும் "யார் சொன்னது, எப்படித் தெரியும்?" என்று கேட்டு நச்சரிக்கும் பிள்ளைக்குப் பண்டைய வரலாறு. இந்த இரண்டிலும் சேராத பெரும்பாலான பிள்ளைகளுக்குச் செவ்வியல் நாகரிகம்தான் சரி. அதை இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

லத்தீன்: நம் பிள்ளைகளுக்குப் பாதி தெரிந்த இலக்கணம்

ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு லத்தீனில் முதல் ஆறு மாதம் திகைப்பாக இருக்கும். சொல்லின் கடைசி எழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதே அதற்குப் புதிது. தமிழ் பேசும் பிள்ளைக்கு அப்படி இல்லை. "பூனை நாயைத் துரத்தியது" என்றாலும் "நாயைப் பூனை துரத்தியது" என்றாலும் துரத்தியது பூனைதான் என்று அதற்குத் தெரியும். நாயோடு ஒட்டிய ஐ உருபு அதைச் சொல்லிவிடுகிறது. லத்தீனும் அப்படித்தான். புவெல்லா என்றால் சிறுமி. புவெல்லாம் என்றால் சிறுமியை. சொற்களை எந்த வரிசையில் அடுக்கினாலும் யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது என்பதை உருபு காட்டிக்கொடுக்கும். வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும்.

இதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் சுவர் கட்டப்படுவதற்கு முன்பே இருந்த விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில், 1973 முதல் மண்ணுக்கடியிலிருந்து மெல்லிய மரத்தகடுகள் கிடைத்துவருகின்றன. அஞ்சலட்டை அளவுதான். மையால் எழுதியவை. அவற்றில் ஒன்று, ஏறத்தாழ கி.பி. 100இல் கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழி சுல்பிக்கியா லெபிடினாவுக்கு அனுப்பிய பிறந்தநாள் அழைப்பு. கடிதத்தை எழுத்தர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடைசியில் சில வரிகளைச் செவெரா தன் கையாலேயே சேர்த்திருக்கிறாள். ஒரு பெண் தன் கைப்பட எழுதி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய லத்தீன் எழுத்துகளில் அதுவும் ஒன்று. அதில் "ஸ்பெராபோ டே, சோரோர்" என்கிறாள். "உன்னை எதிர்பார்ப்பேன், சகோதரி."

ஸ்பெராபோ என்ற ஒரே சொல்லை நான் ஒருமுறை கரும்பலகையில் பிரித்துக் காட்டினேன். ஸ்பெரா என்பது பகுதி. நடுவில் வரும் ப் என்ற ஒலி எதிர்காலத்தைக் காட்டுகிறது. கடைசி ஓ "நான்" என்கிறது. பக்கத்திலேயே "எதிர்பார்ப்பேன்" என்று எழுதினேன். எதிர்பார் பகுதி, ப் எதிர்கால இடைநிலை, ஏன் தன்மை விகுதி. ஆங்கிலத்தில் மூன்று தனிச் சொற்கள் தேவைப்படும் இடத்தில் இரண்டு மொழிகளும் ஒரே சொல்லில் ஒரே வரிசையில் முடித்துவிடுகின்றன. பின்வரிசையில் இருந்த ஒரு பையன், "அப்படியென்றால் பகுபத உறுப்பிலக்கணம் லத்தீனுக்கும் உண்டா?" என்று கேட்டான். அந்த ஆண்டில் என் வகுப்பில் இலக்கணம் பற்றி ஒரு பிள்ளை தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. இரண்டு மொழிகளுக்கும் உறவு எதுவும் இல்லை. கட்டுமானம் மட்டும் ஒத்துப்போகிறது. ஆனால் ஒரு பிள்ளை துணிவோடு உள்ளே நுழைய அது போதும்.

இதை வைத்து லத்தீன் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. தமிழில் "ஐ" என்றால் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் "ஐ"தான். லத்தீனில் பெயர்ச்சொற்கள் ஐந்து கூட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உருபு வேறு. புவெல்லாய் என்ற வடிவம் சிறுமியினுடைய, சிறுமிக்கு, சிறுமியர் என்ற மூன்று பொருளிலும் வரும். மேசை பெண்பால். அஃறிணை என்று ஒதுக்கிவிட முடியாது. இவற்றை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ஓ.சி.ஆர். தேர்வு வாரியத்தின் ஜி.சி.எஸ்.இ.யில் ஏறத்தாழ 450 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. பாதி மதிப்பெண் மொழித்தாளுக்கு. மீதிப் பாதி, உரைநடை, செய்யுள், இலக்கியமும் பண்பாடும் என்ற மூன்று தாள்களில் ஏதாவது இரண்டுக்கு. எடுகாஸ் வாரியமும் லத்தீன் தேர்வு நடத்துகிறது.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். இரண்டாண்டு உழைத்த பிள்ளை மூல மொழியில் படிக்கும் செய்யுள் நூற்றுச் சொச்சம் வரிகள்தான். நேரம் போதாத பிள்ளைகள் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பை வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போகிறார்கள். அப்படிச் செய்தும் நல்ல தரம் வாங்கலாம். ஆனால் லத்தீன் படித்ததன் பலனில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

லத்தீன் யாருக்குக் கிடைக்கிறது என்பது அடுத்த விஷயம். 2021இல் அரசு காட்டிய கணக்கின்படி, 11 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு லத்தீன் கற்பித்த அரசுப் பள்ளிகள் 2.7 சதவீதம்தான். தனியார் பள்ளிகளில் 49 சதவீதம். இந்த இடைவெளியைக் குறைக்க 40 அரசுப் பள்ளிகளில் 4 மில்லியன் பவுண்டு செலவில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2022 செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கின. 2025 பிப்ரவரியோடு, கல்வியாண்டின் நடுவிலேயே, அதற்கான நிதியை அரசு நிறுத்தியது. ஜி.சி.எஸ்.இ.க்கு என்று ஆரம்பித்திருந்த பிள்ளைகள் பாதி வழியில் நின்றார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஒரு பிள்ளை ஒரு மொழியைத் தொடங்கிவிட்டால் அதை முடிக்கவிடுவது பெரியவர்களின் கடமை.

என் மகளுக்கு நேர்ந்தது வேறு காரணத்தால். பள்ளியில் லத்தீன் ஆசிரியர் ஒருவர்தான். பத்தாம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். வேறொருவர் கிடைக்கவில்லை. எட்டுப் பிள்ளைகளை அவரவருக்கு இடமிருந்த வேறு பாட வகுப்புகளுக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் ஒரு பருவம் படித்து முடித்த பாடத்தில் அவள் போய் உட்கார்ந்தாள். லத்தீனைத் தேர்ந்தெடுக்கும் முன் பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இதைக் கற்பிக்க உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கிரேக்க மொழிக்கும் ஜி.சி.எஸ்.இ. உண்டு. ஓ.சி.ஆர். நடத்துகிறது. 24 எழுத்துகளைக் கற்க ஒரு வாரம் போதும். வினைச்சொல்லின் வடிவங்களைக் கற்பதற்குத்தான் காலம் பிடிக்கும். லத்தீன் நன்றாக வரும் பிள்ளை அதோடு சேர்த்து எடுக்கலாம். தனியாக இதை மட்டும் எடுக்கும் வாய்ப்பு அரசுப் பள்ளிகளில் மிக அரிது என்பதால் இத்துடன் விடுகிறேன்.

செவ்வியல் நாகரிகம்: மொழி தெரியாமல் உள்ளே போவது

இந்தப் பாடத்துக்கு லத்தீனோ கிரேக்கமோ ஒரு சொல்கூடத் தெரிய வேண்டியதில்லை. எல்லாம் மொழிபெயர்ப்பில். ஓ.சி.ஆர். ஜி.சி.எஸ்.இ.யில் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், 90 மதிப்பெண். ஒரு தாளுக்குத் தொன்மமும் சமயமும் அல்லது பண்டைய உலகில் பெண்கள். மற்றொன்றுக்கு ஹோமரின் உலகம், ரோமானிய நகர வாழ்க்கை, போர் என்ற மூன்றில் ஒன்று. எதை எடுப்பது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்யும். பிள்ளை அல்ல. படிவத்தில் கையெழுத்திடும் முன் எந்தக் கலவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பள்ளிகளில் இரண்டு பிள்ளைகள் இதே பாடத்தைப் படித்தும் பொதுவாகப் பேச எதுவும் இல்லாமல் போகலாம்.

என் மகன் படித்தது ஹோமரின் உலகம். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியமான ஒடிசியின் சில காண்டங்களை மொழிபெயர்ப்பில் முழுமையாகப் படித்தார்கள். ஒரு மாலை அவன் சமையலறையில் நின்றுகொண்டு எனக்கு 19ஆம் காண்டத்தைச் சொன்னான். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒடிசியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வருகிறான். மனைவிக்கும் அடையாளம் தெரியவில்லை. விருந்தினரின் காலைக் கழுவிவிடும்படி கிழச் செவிலி யூரிக்ளியாவிடம் சொல்கிறார்கள். அவள் கால் கழுவும்போது, சிறுவயதில் பன்றி கீறிய தழும்பு கையில் தட்டுப்படுகிறது. கால் நழுவிப் பாத்திரத்தில் விழ, பாத்திரம் கவிழ்ந்து தண்ணீர் கொட்டுகிறது. அவள் வாயைத் திறக்கும் முன் ஒடிசியஸ் அவள் கழுத்தைப் பிடிக்கிறான். பாலூட்டி வளர்த்தவளின் கழுத்தை. "அம்மா, இவன் நல்லவனா?" என்று மகன் கேட்டான்.

அந்த வகுப்பு முழுக்க இந்தக் கேள்வியில்தான் ஓடியது. 22ஆம் காண்டத்தில் ஒடிசியஸின் மனைவியை மணம் கேட்டு வந்தவர்கள் எல்லாரையும் கொன்றபிறகு பன்னிரண்டு பணிப்பெண்களும் தூக்கிலிடப்படுகிறார்கள். அது நீதியா? கேட்பவர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்கள், இன்று நாம் என்ன நினைக்கிறோம்? பதினைந்து வயதுப் பிள்ளை இப்படி யோசித்து, உரையிலிருந்து சான்று காட்டி, எதிர்க்கருத்தையும் எடைபோட்டு எழுதக் கற்றுக்கொள்கிறது. அதோடு பழைய கிரேக்க நகரமான மைசீனியின் சிங்க வாயில், தேன்கூடு போன்ற கல்லறைகள், சுடுமண் கலங்கள் என்று பொருட்களையும் பார்க்கிறார்கள். கவிதை சொல்லும் உலகமும் மண் தோண்டிக் கிடைத்த உலகமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே ஒத்துப்போகவில்லை என்று ஒப்பிடுகிறார்கள்.

ரோமானிய நகர வாழ்க்கையை எடுத்த பள்ளியில் படித்த ஒரு மாணவி எனக்கு ஒரு படத்தைக் காட்டினாள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் என்ற ரோமானிய ஊரில் கரியாகிப்போன ஒரு ரொட்டி. வட்டமாக, எட்டுத் துண்டாகப் பிட்கும்படி கோடு கிழித்தது. மேலே ஒரு முத்திரை. குயின்டஸ் கிரானியஸ் வெருஸின் அடிமையான கெலெருக்கு உரியது என்று அது சொல்கிறது. பொது அடுப்பில் சுடும் ரொட்டிகள் கலந்துவிடாமல் இருக்க அப்படி முத்திரையிட்டிருப்பார்கள். ஒரு ரொட்டியில் அந்த அடிமையின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது என்று அவள் சொன்னாள். அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

மொழிபெயர்ப்பில் படிப்பது மெய்யான படிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. நான் தமிழாசிரியை. இந்தக் கேள்வியை நான் அலட்சியமாக ஒதுக்க முடியாது. சங்கப் பாடலை ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர் எதை இழக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒலியை இழக்கிறார். இரண்டு பொருள் தரும் சொல்லை இழக்கிறார். ஆனால் வேறொன்றும் எனக்குத் தெரியும். நம்மில் எத்தனை பேர் உரையின் துணை இல்லாமல் ஒரு அகநானூற்றுப் பாடலை நேராகப் படிக்கிறோம்? உரை வழியாகத்தான் போகிறோம். அந்தப் பாடல் அப்போதும் நம்மைத் தொடுகிறது. லத்தீன் படிக்கும் பிள்ளை நூறு வரியின் ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்க்கிறது. செவ்வியல் நாகரிகம் படிக்கும் பிள்ளை முழுக் கதையையும், அது பாடப்பட்ட வீட்டையும், கேட்டவர்கள் உண்ட தட்டையும் பார்க்கிறது. கிணற்றின் ஆழம் ஒன்று, ஏரியின் பரப்பு ஒன்று. எது பெரிது என்ற வாதம் எனக்கு அர்த்தமாகப் படவில்லை. எந்தப் பிள்ளைக்கு எது என்பதே கேள்வி.

பள்ளிகள் இந்தப் பாடத்தைத் தயக்கத்தோடு பார்த்ததற்கு ஒரு நிர்வாகக் காரணமும் உண்டு. பள்ளிகளை மதிப்பிட 2010இல் அரசு கொண்டுவந்த ஈபாக் என்ற அளவுகோலில் லத்தீனும் கிரேக்கமும் மொழிப்பாடமாகக் கணக்கில் வந்தன. பண்டைய வரலாறு, வரலாறாகக் கணக்கில் வந்தது. செவ்வியல் நாகரிகத்துக்கு இடம் தரவில்லை. தரவரிசையைப் பார்க்கும் தலைமையாசிரியருக்கு இது முக்கியம். உங்கள் பிள்ளையின் சான்றிதழுக்கு இதனால் எந்த வேறுபாடும் இல்லை. அந்த அளவுகோலையே கைவிடப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்துவிட்டது. ஆகவே, "ஈபாக் கணக்கில் வராது" என்று யாராவது தடுத்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பண்டைய வரலாறு: யார் சொன்னது?

பெயரைப் பார்த்துவிட்டு இதை வரலாற்றின் பழைய பகுதி என்று நினைக்கலாம். தேதிகளும் போர்களும் உண்டுதான். ஆனால் பாடத்தின் உயிர் சான்றுகளை எடைபோடுவதில் இருக்கிறது. ஓ.சி.ஆர். ஜி.சி.எஸ்.இ.யில் கி.மு. 559 முதல் 465 வரையிலான பாரசீகப் பேரரசு கட்டாயம். அதோடு பெரிக்ளீஸ் காலத்து ஏதென்ஸ், அலெக்சாண்டர் போன்ற தலைப்புகளில் ஒன்று. ரோம் பக்கத்தில் முடியாட்சியிலிருந்து குடியரசு வரை கட்டாயம். அதோடு ஹன்னிபாலின் போர், கிளியோபாட்ரா, ரோமானியர் பிரிட்டனைப் பிடித்தது ஆகியவற்றில் ஒன்று. தாள் இரண்டு, ஒவ்வொன்றும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு. பாரசீகத்தில் டேரியஸ் எப்படி அரசரானார்? ஹெரடோட்டஸ் என்ற கிரேக்கர் சொல்லும் கதையில், போலி அரசனைக் கொன்ற சதிகாரர்களில் எஞ்சியவர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள். விடியலில் எவன் குதிரை முதலில் கனைக்கிறதோ அவனே அரசன். டேரியஸின் குதிரைக்காரன் ஒரு தந்திரம் செய்து தன் எஜமானின் குதிரையைக் கனைக்க வைக்கிறான். இன்னொரு பக்கம், ஈரானில் பெஹிஸ்துன் மலைப்பாறையில் டேரியஸ் தானே மூன்று மொழிகளில் செதுக்கிவைத்த கல்வெட்டு இருக்கிறது. போலி அரசன் அதிலும் உண்டு. உதவியவர்களின் பெயர்களும் உண்டு. குதிரை இல்லை. கடவுள் அகுரமஸ்தா தனக்கு அரசைத் தந்தார் என்கிறார் டேரியஸ்.

எது உண்மை? பல பத்தாண்டுகள் கழித்துக் கேள்விப்பட்டதை எழுதிய வெளியூர்க்காரரா, தன் பதவியை நியாயப்படுத்த வேண்டிய கட்டாயத்தில் இருந்த அரசரா? இருவரும் சொல்லும் "போலி அரசன்" உண்மையிலேயே போலியா, அல்லது டேரியஸ் கொன்றது மெய்யான வாரிசையா? பதினான்கு வயதில் இந்த முடிச்சை அவிழ்க்கப் பழகிய பிள்ளை, செய்தித்தாளையும் கைப்பேசியில் வரும் காணொளியையும் வேறு கண்ணோடு பார்க்கும். வெறும் மெய்க்கீர்த்தியை வைத்து ஒரு சோழனின் ஆட்சியை எழுதிவிட முடியாது என்பதும் அதற்குப் புரியும்.

குறை என்னவென்றால் இதில் கவிதைக்கும் சிற்பத்துக்கும் இடம் குறைவு. கதையில் மயங்கும் பிள்ளைக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். நவீன வரலாறும் எடுக்க விரும்பும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

"இதைப் படித்து என்ன செய்வது?"

அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். ஜி.சி.எஸ்.இ. அளவில் இந்தப் பாடங்களில் எதை எடுத்தாலும் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போகும் வழி அடைபடாது. அறிவியலும் கணிதமும் எப்படியும் இருக்கின்றன. பள்ளிப்படிப்பின் கடைசித் தேர்வான ஏ-லெவலில்கூட, வேதியியலும் உயிரியலும் எடுத்துவிட்டு மூன்றாவதாக வரலாறு, இலக்கியம் போன்ற ஒரு பாடம் எடுத்து மருத்துவம் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லத்தீன், கிரேக்கம் உள்ளிட்ட கிளாசிக்ஸ் என்ற துறையையே பட்டப்படிப்பாக எடுக்க விரும்பும் பிள்ளைக்கு லத்தீன் ஏ-லெவல் பெரிய துணை. அது இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜில் லத்தீன் படிக்காமல் வருபவர்களுக்கு என்றே முதலாண்டில் மொழியைச் சொல்லித்தரும் நான்காண்டுப் படிப்பு உண்டு. செவ்வியல் நாகரிகம் ஏ-லெவலும் மற்ற ஏ-லெவல்களுக்கு இணையான மதிப்புள்ளது. அதில் 40 சதவீதம் காவியங்களுக்கு: இலியட் அல்லது ஒடிசி ஒன்று, விர்ஜிலின் ஈனியட் கட்டாயம். மீதியில் கிரேக்க நாடகம், கிரேக்கக் கலை, ரோமானியக் குடியரசின் கடைசிக்கால அரசியல், ஏதென்ஸின் மக்களாட்சி போன்ற தலைப்புகளில் இரண்டு. ஜி.சி.எஸ்.இ.யில் படிக்காத பிள்ளையும் நேராக இதில் சேரலாம்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 49ஆம் அறையில், கைக்கடக்கமான ஒரு வெள்ளிப் பெண் உருவம் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் உயரம்தான். பொன்முலாம் பூசிய தலைமுடியும் ஆடை அணிகளும். 1992இல் சஃபோக்கில் ஹாக்ஸ்ன் என்ற ஊரின் வயலில், தொலைந்துபோன ஒரு சுத்தியலைத் தேடப்போய் ஏறத்தாழ 15,000 நாணயங்களோடு கிடைத்த புதையலில் ஒன்று. அந்தப் பெண்ணின் அடியில் சுழலும் தட்டு ஒன்று உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் மூடும். இன்னொரு பக்கம் திருப்பினால் உள்ளே நிரப்பலாம். மூன்றாவது நிலையில் துளைகள் வழியே தூவலாம். தூவியது மிளகு. அந்த மிளகு வந்தது தென்னிந்தியாவிலிருந்து. விண்டோலாண்டாத் தகடுகளில் ஒன்றிலும் ஒருவன் இரண்டு டெனாரியஸுக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) மிளகு வாங்கிய கணக்கு இருக்கிறது.

அகநானூற்றின் 149ஆம் பாடலில், யவனரின் மரக்கலம் முசிறிக்குப் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்கிறார் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார். கறி என்றால் மிளகு. என் சனிக்கிழமை வகுப்பில் இந்த வரியைப் படித்துவிட்டு அந்த வெள்ளிப் பெண்ணின் படத்தைக் காட்டுவேன். ஜி.சி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் இந்த வணிகத்துக்கு என்று ஒரு தலைப்பு இல்லை. ஆனால் ரோமைப் படிக்கும் தமிழ்ப் பிள்ளையிடம் கப்பல் புறப்பட்ட துறையின் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. "இது வெள்ளைக்காரர் பாடம், நமக்கு எதற்கு?" என்று கேட்ட ஒரு தாத்தாவிடம் பேத்தியே இந்தப் படத்தைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்தநாள் மாலையில் கேட்க வேண்டியவை

லத்தீன் ஆசிரியர் எத்தனை பேர் என்ற கேள்வியைச் சொல்லிவிட்டேன். அதோடு, குறைந்தது எத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்பு நடக்கும் என்று கேளுங்கள். பிள்ளைகள் குறைவாக இருந்தால் வகுப்பைக் கைவிடும் பள்ளிகள் உண்டு. அப்படிக் கைவிட்டால் உங்கள் பிள்ளையின் இரண்டாவது விருப்பத்துக்கு அப்போதும் இடம் இருக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மகள் விஷயத்தில் நான் இதைச் செய்யவில்லை. சில பள்ளிகளில் லத்தீன் பகல் உணவு இடைவேளையிலோ பள்ளி முடிந்த பிறகோ நடக்கும். வாரத்துக்கு மூன்று மாலை நீச்சலும் வயலினும் இருக்கும் பிள்ளையால் அதைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். போன ஆண்டு வினாத்தாள் ஒன்றையாவது பிள்ளை கையில் எடுத்துப் படிக்கட்டும். சொற்பட்டியலைப் பார்த்ததும் முகம் மலர்கிறதா, ரொட்டிப் படத்தைப் பார்த்ததும் மலர்கிறதா என்று பக்கத்தில் நின்று கவனித்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

பள்ளிப் படிவத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லாத வீடுகள்தான் அதிகம். அதற்காகத் தனியாக ஆசிரியர் வைத்து, வெளித்தேர்வராகப் பதிந்து லத்தீன் எழுதவைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மற்றப் பாடங்களுக்கான நேரத்தை அது தின்றுவிடுகிறது. 2010இல் தொடங்கிய கிளாசிக்ஸ் ஃபார் ஆல் என்ற அறநிறுவனம் இந்தப் பாடங்களைத் தொடங்க விரும்பும் அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர் பயிற்சியும் நிதியும் தந்து உதவுகிறது. நாலைந்து பெற்றோர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் அதைச் சொல்லலாம். பதினாறு வயதில் வேறு ஆறாம் படிவக் கல்லூரிக்கு மாறும்போது செவ்வியல் நாகரிகத்தைப் புதிதாகத் தொடங்கலாம். என் மகள் அப்படித்தான் செய்தாள். இப்போது அவள் மேசையில் ஈனியட் மொழிபெயர்ப்பும், பத்தாம் ஆண்டில் பாதியில் நின்ற லத்தீன் சொற்பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பட்டியலில் ஆங்காங்கே புதிய பென்சில் குறிகள் தெரிகின்றன.